ஜெர்மனியில் மாஸ்டர்ஸ்: போனால் உண்மையில் என்ன கிடைக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023-24 கல்வியாண்டில் ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் படித்த இந்திய மாணவர்கள் 49,483 பேர். வெளிநாட்டு மாணவர்களில் சீனர்களைத் தாண்டி முதலிடம். இவர்களில் பெரும்பகுதியினர் பொறியியலும் கணினி அறிவியலும் படிப்பவர்கள். தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கல்லூரிகளிலிருந்து கிளம்புகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்கிற சந்தேகங்கள் ஆண்டுதோறும் அதேதான். அவற்றைக் கேட்டபடியே எழுதி, பதிலைக் கீழே கொடுத்திருக்கிறோம். பெரும்பாலும் அரசுப் பல்கலைக்கழகங்களைப் பற்றியது இது. தனியார் பற்றி ஒரு கேள்வி தனியாக இருக்கிறது.

இங்கேயே எம்.இ. படிச்சா ஆகாதா? அங்க போய் அப்படி என்ன கூடுதலாக் கிடைச்சிடும்?

பாடப்புத்தகம் ஏறக்குறைய ஒன்றுதான். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் ஜெர்மனியின் ஆகன் பல்கலையிலும் அண்ணா பல்கலையிலும் அதே கன்ட்ரோல் சிஸ்டம்ஸ்தான். வித்தியாசம் வேறு இடங்களில் இருக்கிறது. ஆறு மாதம் முழுக்க ஒரே பிரச்சினையில் உட்காரும் தீசிஸ், படிக்கும்போதே துறை சார்ந்த வேலையைச் சம்பளத்துடன் செய்யும் உரிமை, முடித்தபின் வேலை தேட 18 மாத அனுமதி, யாரும் துரத்தாமல் தானே படிக்கும் பழக்கம். இவற்றைப் பயன்படுத்திக்கொண்டால்தான் போனதற்குப் பலன். வெறும் பட்டச் சான்றிதழுக்காக என்றால் விலை அதிகம்.

கேட் எழுதி ஐஐடி, என்ஐடியில் எம்.டெக். கிடைத்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு, கடனும் இல்லை, வளாகத்திலேயே நேர்முகத் தேர்வும் நடக்கும். அந்த வாய்ப்பு கையில் இருப்பவர், மேலே சொன்னவற்றில் தனக்கு எது தேவை என்று யோசிக்காமல் விமானம் ஏற வேண்டாம்.

படிப்பு இலவசம்னு சொல்றாங்களே, நெசமாவே இலவசமா?

பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்கள் டியூஷன் ஃபீஸ் வாங்குவதில்லை. செமஸ்டர் கட்டணம் மட்டும் உண்டு: ஊரைப் பொறுத்து 100 முதல் 400 யூரோ. அதற்குள்ளேயே பல ஊர்களில் பஸ், ரயில் பாஸ் அடங்கிவிடும்.

விலக்குகளைத் தெரிந்துகொள்ளுங்கள். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் (ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹைடல்பர்க், ஃப்ரைபுர்க் எல்லாம் இதில்தான்) ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து மாஸ்டர்ஸுக்கு செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வைத்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் போன அண்ணன் "ஃப்ரீதான்டா" என்று சொன்னால் அவரைப் பொறுத்தவரை அது உண்மை, உங்களுக்கு அப்படி இருக்காது.

ப்ளாக்டு அக்கவுண்ட்ல பன்னெண்டு லட்சம் போடச் சொல்றாங்க. அது ஃபீஸா? திரும்ப வருமா?

அது உங்கள் பணம், உங்கள் பெயரில், உங்கள் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும். ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு வழி இருக்கிறது என்று விசாவுக்குக் காட்டும் சான்று. 2024 செப்டம்பர் முதல் தொகை 11,904 யூரோ. யூரோவை 100 ரூபாய் என்று வைத்தால் 11.9 லட்சம். ஜெர்மனி போய் வங்கிக் கணக்கு திறந்ததும் மாதம் 992 யூரோ அதில் வந்து விழும். அதற்கு மேல் அந்த மாதம் எடுக்க முடியாது.

தடுமாற்றம் வருவது முதல் மாதத்தில். வீட்டு அட்வான்ஸ் மூன்று மாத வாடகை வரை கேட்கலாம், முதல் வாடகை, மருத்துவக் காப்பீடு, செமஸ்டர் கட்டணம் எல்லாம் ஒரே நேரத்தில் வரும். 992 போதாது. எனவே தனியாக 1,500 முதல் 2,000 யூரோ கையில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கல்விக் கடனாக அனுப்பும் பணத்துக்கு டிசிஎஸ் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி) பிடிக்க மாட்டார்கள். சொந்தப் பணமாக ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் அனுப்பினால் பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

என் சிஜிபிஏ 7.5. ஜெர்மன் கிரேடுல எவ்வளவு வரும்? நல்ல யூனிவர்சிட்டி கிடைக்குமா?

அங்கே 1.0 மிகச் சிறந்த மதிப்பெண், 4.0 பார்டரில் பாஸ், 5.0 ஃபெயில். குறைய குறைய நல்லது. மாற்றும் சூத்திரம்: உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். அதை, உச்ச மதிப்பெண்ணிலிருந்து பாஸ் மதிப்பெண்ணைக் கழித்து வருவதால் வகுங்கள். மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். உச்சம் 10, பாஸ் 5, உங்களுடையது 7.5 என்றால் 2.5 ÷ 5 × 3 + 1 = 2.5. பாஸ் 4 என்றால் அதே 7.5-க்கு 2.25 வரும். பாஸ் மதிப்பெண் என்ன என்பது உங்கள் மதிப்பெண் பட்டியலின் பின்புறம் தெளிவாக அச்சாகி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கல்லூரியில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நிறைய கோர்ஸ்களுக்கு 2.5 என்பது வாசற்படி. கால் புள்ளியில் உள்ளே, வெளியே மாறும்.

கிரேடு மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்களே அதிகம். பல துறைகள் பி.இ.-யில் நீங்கள் படித்த கணிதம் எத்தனை கிரெடிட், புரோகிராமிங் எத்தனை கிரெடிட் என்று எண்ணுவார்கள். மெக்கானிக்கல் படித்துவிட்டு டேட்டா சயின்ஸுக்கு விண்ணப்பித்தால் சிஜிபிஏ 9 இருந்தாலும் நிராகரிப்பு வருவது இதனால்தான். கோர்ஸின் சேர்க்கை விதி ஆவணத்தைத் திறந்து, உங்கள் பாடங்களை அருகில் வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப்பாருங்கள். கன்சல்டன்ட் இதைச் செய்ய மாட்டார்.

அரியர் வெச்சிருந்தேன், இப்ப கிளியர் பண்ணிட்டேன். பிரச்சினையா?

கிளியர் ஆகிவிட்டால் பெரும்பாலான இடங்களில் தடையில்லை. மதிப்பெண் குறைந்திருப்பதுதான் இழப்பு. ஆனால் அரியர் பழக்கத்தோடு அங்கே போகாதீர்கள். ஏன் என்று ஃபெயில் கேள்வியில் வருகிறது.

ஏபிஎஸ்னா என்ன? எப்ப எடுக்கணும்?

உங்கள் கல்விச் சான்றிதழ்கள் போலியில்லை என்று டெல்லியில் உள்ள ஜெர்மன் தூதரக அமைப்பு தரும் சான்று. 2022 நவம்பர் 1 முதல் இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். வாரக்கணக்கிலிருந்து மாதக்கணக்கு வரை ஆகலாம். அட்மிஷன் வந்தபின் எடுத்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் அக்டோபர் வகுப்பைத் தவறவிடுகிறார்கள். விண்ணப்பத்திலேயே ஏபிஎஸ் கேட்கும் பல்கலைக்கழகங்களும் பல.

நம் ஊருக்கே உரிய சிக்கல் பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "செந்தில் கு", டிகிரியில் "கு. செந்தில்", பாஸ்போர்ட்டில் "செந்தில் குமரேசன்" என்று மூன்று விதமாக இருக்கும். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாகவும் இருக்கும். ஜெர்மன் படிவங்கள் எதுவும் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விடாது. ஆளுக்கொரு விதமாக நிரப்பிவைத்து பின்னால் வங்கியிலும் காப்பீட்டிலும் ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார். பாஸ்போர்ட்டை முதலில் சீர்செய்யுங்கள். இனிஷியலை விரித்து, தந்தை பெயரை சர்நேமாகப் போட்டு, பிறகு எல்லாப் படிவத்திலும் எழுத்துக்கு எழுத்து அதையே எழுதுங்கள்.

அட்டெண்டன்ஸே இல்லையாமே? அப்ப ஜாலிதானே?

பெரும்பாலான லெக்சர்களில் வருகைப் பதிவு கிடையாது. இன்டர்னல் மார்க்கும் கிடையாது, அசைன்மென்ட் எழுதி இருபது மார்க் சேர்க்கும் ஏற்பாடும் அரிது. செமஸ்டர் முடிவில் ஒரே தேர்வு, பெரும்பாலும் 90 முதல் 120 நிமிடம், அந்தப் பாடத்தின் மொத்த மதிப்பெண்ணும் அதிலிருந்துதான். சில பாடங்களில் வாய்மொழித் தேர்வு: பேராசிரியர் எதிரில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேப்பரில் வரைந்து விளக்க வேண்டும். மனப்பாடம் ஐந்து நிமிடத்தில் வெளுத்துவிடும்.

கணக்கு இப்படிப் போகிறது. ஐரோப்பியக் கிரெடிட் ஒன்றுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்பது விதி. செமஸ்டருக்கு 30 கிரெடிட், அதாவது 900 மணி நேரம் வரை. 26 வாரத்தில் பகிர்ந்தால் வாரம் 35 மணி. லெக்சர் அதில் பாதிகூட இருக்காது. மீதி நூலகத்திலும் லேபிலும் நீங்களே கழிக்க வேண்டியது. அட்டெண்டன்ஸ் இல்லாதது விடுமுறை மாதிரித் தெரிவதால், அக்டோபரில் வந்தவர் டிசம்பர் வரை ஊர் சுற்றிவிட்டு ஜனவரியில் 400 ஸ்லைடுகளைத் திறப்பார்.

இதில்தான் பெரிய ஆதாயமும் இருக்கிறது. முதல் செமஸ்டரில் திணறிய மாணவரே நான்காம் செமஸ்டரில் தெரியாத ஒரு தலைப்பை எடுத்து, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடி, மூன்று வாரத்தில் அதைப் பிறருக்கு விளக்கும் நிலைக்கு வந்துவிடுவார். வேலைக்கு எடுப்பவர்கள் தேடுவது இந்தத் திறனைத்தான். நடைமுறைக்கு ஒன்று: துறை மாணவர் பேரவையை ஃபாக்‌ஷாஃப்ட் என்பார்கள். அவர்களிடம் பழைய வினாத்தாள்கள் இருக்கும். முதல் மாதமே போய்க் கேளுங்கள்.

ஃபெயில் ஆனா திரும்ப எழுதிக்கலாம்ல? இங்க எங்க சீனியர் எட்டு தடவை எழுதினாரு.

அங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வுக்கு மூன்று வாய்ப்பு. கட்டாயப் பாடத்தில் மூன்றாவது முறையும் தவறினால் "இறுதியாகத் தேர்ச்சியில்லை" என்று பதிவாகி, பல்கலைக்கழகத்திலிருந்து பெயர் நீக்கப்படும். அதே படிப்பை ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாமல் போகும். மாணவர் என்ற நிலை போனால் குடியிருப்பு அனுமதிக்கும் ஆபத்து. எத்தனை வாய்ப்பு, எந்தப் பாடம் கட்டாயம் என்பதெல்லாம் தேர்வு விதி ஆவணத்தில் இருக்கும். ஜெர்மனில் மட்டும் இருந்தாலும் மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டாவது முதல் வாரமே படியுங்கள்.

தேர்வுக்குத் தானாகப் பெயர் சேராது. நீங்களே ஆன்லைனில் பதிய வேண்டும், கெடு தாண்டினால் எழுத முடியாது. பதிந்துவிட்டு, விலகும் கெடுவுக்குள் விலகாமல், போகாமலும் இருந்தால் 5.0 விழும், ஒரு வாய்ப்பும் தீரும். காய்ச்சல் என்றால் அன்றே டாக்டரிடம் போய்ச் சான்று வாங்கித் தேர்வு அலுவலகத்தில் கொடுங்கள். தயாராகாத பாடத்தில் விலகல் கெடுவுக்குள் விலகுவது கௌரவக் குறைவு இல்லை, புத்திசாலித்தனம்.

முடிவு வந்தபின் திருத்திய விடைத்தாளைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்குவார்கள். நம்மவர்கள் வெட்கப்பட்டுப் போவதில்லை. போங்கள். எங்கே மார்க் போயிற்று என்று தெரிந்தால்தான் இரண்டாவது முறை பிழைக்கலாம். கூட்டலில் பிழை இருந்தால் அங்கேயே திருத்துவார்கள்.

கோர்ஸே இங்கிலீஷ்ல இருக்கே, ஜெர்மன் எதுக்கு?

வகுப்புக்குத் தேவையில்லை. வகுப்புக்கு வெளியே எல்லாவற்றுக்கும் தேவை. வீட்டு ஒப்பந்தம், டாக்டர், வெளிநாட்டவர் அலுவலகம், அதற்கெல்லாம் மேலாக வேலை. மென்பொருள் நிறுவனங்கள் சிலவற்றில் ஆங்கிலம் போதும். மெக்கானிக்கல், ஆட்டோமொபைல், சிவில், எலெக்ட்ரிக்கல் துறைகளில் பி1 (மொழித் திறன் ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாக ஏறும்) இல்லாமல் விண்ணப்பித்தால் பதிலே வராது, பி2 இருந்தால் அழைப்பு வரும். 18 மாதத்தில் வேலை கிடைக்காமல் தவிப்பவர்களில் மொழியைத் தள்ளிப்போட்டவர்கள்தான் கண்ணில் படுகிறார்கள்.

பூஜ்யத்திலிருந்து பி1 எட்ட 45 நிமிடப் பாடவேளைகள் ஏறத்தாழ 350 முதல் 650 வரை வேண்டும். மாஸ்டர்ஸ் தொடங்கியபின் வாரம் 35 மணி உழைப்போடு இதைத் திணிப்பது கடினம். எனவே ஏ2 வரையாவது ஊரிலேயே முடியுங்கள். சென்னையில் கோதே இன்ஸ்டிட்யூட் இருக்கிறது, தேர்வும் அங்கேயே எழுதலாம். பல்கலைக்கழகத்தின் மொழி மையம் நடத்தும் வகுப்புகள் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ கிடைக்கும். செமஸ்டர் தொடங்கிய சில நாளிலேயே இடம் நிரம்பிவிடும்.

பார்ட் டைம் வேலை பார்த்தே செலவை ஓட்டிடலாமா?

விதி: 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். அல்லது வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி வரை என்ற கணக்கில் போகலாம், அது வாரத்துக்கு இரண்டரை நாளாக எண்ணப்படும். 2026 ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. வாரம் 20 மணி என்றால் மாதம் ஏறத்தாழ 1,200 யூரோ. காகிதத்தில் பார்த்தால் செலவுக்குப் போதும்.

இப்போது மேலே சொன்ன வாரம் 35 மணிப் படிப்பைக் கூட்டுங்கள். 55 மணி. சமையல், துணி, பயணம் தனி. முதல் செமஸ்டரில் மொழி இல்லாமல் கிடைப்பது கிடங்கில் பெட்டி தூக்கும் வேலையும் ஓட்டல் பாத்திரமும்தான். அதில் களைத்துப் படிப்பில் ஒரு செமஸ்டர் நீண்டால் அந்த ஆறு மாத வாழ்க்கைச் செலவே 6,000 யூரோ. சம்பாதித்ததை அது தின்றுவிடும். எனவே முதல் ஆண்டுப் பணத்தை முழுதாகக் கொண்டுபோங்கள், இரண்டாம் ஆண்டை வேலையில் ஓட்டலாம் என்று திட்டமிடுங்கள்.

சைக்கிளில் சாப்பாடு கொண்டுகொடுக்கும் வேலையில் சிலர் உங்களை "ஃப்ரீலான்ஸர்" என்று பதியச் சொல்வார்கள். மாணவர் அனுமதியில் தனித்தொழிலுக்கு முன் அனுமதி வேண்டும். மாட்டினால் நிறுவனம் தப்பித்துவிடும், நீங்கள் மாட்டுவீர்கள்.

ஹிவி, வெர்க்‌ஷ்டுடென்ட்னு சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணுதானா?

ஹிவி என்றால் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பேராசிரியரிடம் உதவியாளர்: லேபில் அளவீடு எடுப்பது, கோடு எழுதுவது, ஜூனியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துவது. சம்பளம் சுமார். ஆனால் 140 நாள் கணக்கில் இது சேராது, தீசிஸுக்கு நேராக வழி திறக்கும். வெர்க்‌ஷ்டுடென்ட் என்றால் நிறுவனத்தில் வாரம் 20 மணி வரை துறை வேலை. சம்பளம் கூட, பென்ஷனுக்கு 9.3 சதவீதம் பிடிப்பார்கள். படித்துக்கொண்டே ஒன்றரை வருட அனுபவம் ரெஸ்யூமேயில் ஏறுகிறது என்றால் அது இந்த வேலையால்தான்.

ஹிவி வேலைக்கு விளம்பரம் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். பிடித்த பாடத்தில் 1.7-க்குள் வாங்கியதும் அந்த லேபின் ஆராய்ச்சி மாணவருக்கு நான்கு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். இருபது பேருக்கு ஒரே மாதிரி அனுப்புவது தெரிந்துவிடும். வருமான வரி பிடித்திருந்தால் மறுவருடம் கணக்கு தாக்கல் செய்யுங்கள், 2025-இல் 12,096 யூரோ வரை வரி இல்லை, பிடித்தது திரும்பி வரும்.

தீசிஸைக் கம்பெனில பண்றதா, யூனிவர்சிட்டிலயா?

மாஸ்டர்ஸின் 120 கிரெடிட்டில் தீசிஸ் பொதுவாக 30. கால் பங்கு மதிப்பெண், ஆறு மாதம். உங்கள் பட்டத்திலேயே கனமான துண்டு இதுதான். நேர்முகத் தேர்வில் பேச்சு நேராக இதற்குத்தான் வரும்.

கம்பெனியில் செய்தால் உண்மையான இயந்திரம், உண்மையான டேட்டா, சில நூறு யூரோவிலிருந்து ஆயிரத்துக்கு மேல் வரை சம்பளம், முடிந்ததும் அங்கேயே வேலைக்கு வாய்ப்பு. தவறுவது எங்கே என்றால், கம்பெனிக்கு வேண்டியது ஒரு கருவி, பேராசிரியருக்கு வேண்டியது ஒரு ஆய்வுக் கேள்வி. இருவரையும் ஆரம்பத்திலேயே பேச வைக்காமல் கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு பேராசிரியரைத் தேடினால், "இதில் ஆராய்ச்சி எங்கே?" என்று அவர் மறுப்பார். முதலில் பேராசிரியர், பிறகு ஒப்பந்தம், அதன்பின் தேர்வு அலுவலகத்தில் பதிவு. ரகசியக் காப்பு விதி இருந்தால் எதை வெளியே காட்டலாம் என்பதையும் எழுதி வாங்குங்கள். தீசிஸைக் காட்ட முடியாமல் வேலை தேடுவது கொடுமை.

பிஎச்டி எண்ணம் இருந்தால் பல்கலைக்கழகத்திலோ ஃபிரான்ஹோஃபர், மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலையங்களிலோ செய்யுங்கள். அங்கே முனைவர் பட்ட மாணவர் என்பவர் சம்பளம் வாங்கும் ஊழியர். பொதுத்துறைச் சம்பள அட்டவணையில் 13-ஆம் நிலை, பாதி முதல் முழு வேலை வரை துறைக்குத் துறை மாறும். அந்த இடங்கள் பலவும் தீசிஸ் செய்தவரைத் தெரிந்தவர்கள் மூலமே நிரம்புகின்றன.

கேம்பஸ் ப்ளேஸ்மென்ட் உண்டா?

இல்லை. வேலைச் சந்தை நாட்கள் நடக்கும், ரெஸ்யூமே திருத்தித் தரும் கேரியர் சென்டர் இருக்கும், அவ்வளவுதான். வேலையை நீங்களே தேட வேண்டும். மேலே இரண்டு கேள்வியிலும் சொன்னதுதான் அங்கே ப்ளேஸ்மென்ட்.

ரெண்டே வருஷத்துல முடிச்சிடலாமா?

கோர்ஸ் நான்கு செமஸ்டர் என்று போட்டிருக்கும். வேலையும் பார்ப்பவர்கள் ஐந்து, ஆறு எடுப்பது சகஜம். குடியிருப்பு அனுமதி நீட்டிக்கும்போது எத்தனை கிரெடிட் முடித்தீர்கள் என்று பார்ப்பார்கள், நியாயமான முன்னேற்றம் இருந்தால் நீட்டிப்பார்கள். கடன் கணக்கை ஐந்து செமஸ்டருக்குப் போடுங்கள். வேண்டுமென்றே ஒரு செமஸ்டர் நீட்டி நல்ல நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் செய்வது வீணில்லை. கிடங்கு வேலைக்காக நீளுவது வீண்.

ஜெர்மனியில படிக்கிறப்பவே வேற நாட்டுல ஒரு செமஸ்டர் படிக்கலாமாமே?

ஆமாம், நம்மவர்கள் அதிகம் கவனிக்காத ஆதாயம் இது. ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டால் இந்தியக் குடிமகனும் எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். போகிற இடத்தில் டியூஷன் ஃபீஸ் கிடையாது, மாதா மாதம் ஓர் உதவித்தொகையும் உண்டு. ஜெர்மன் மாணவர் அனுமதியோடு ஐரோப்பிய ஒன்றியத்தின் மற்ற நாடுகளில் 360 நாள் வரை இப்படித் தங்கலாம், பல்கலைக்கழகம் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். டென்மார்க்கும் அயர்லாந்தும் இந்த ஏற்பாட்டில் இல்லை.

போகும் முன் அங்கே எடுக்கும் பாடங்கள் உங்கள் ஜெர்மன் கோர்ஸில் எந்தப் பாடத்துக்கு ஈடு என்று கையெழுத்தோடு ஒப்பந்தம் போடுங்கள். போடாமல் போனால் ஆறு மாதம் படித்ததும் கிரெடிட்டாக மாறாது. முதல் செமஸ்டரிலேயே விசாரித்தால்தான் மூன்றாவது செமஸ்டரில் போக முடியும்.

ப்ரைவேட் யூனிவர்சிட்டில சீக்கிரமா அட்மிஷன் தர்றாங்க. சேர்ந்துடலாமா?

சீக்கிரம் தருகிறார்கள் என்றால் ஆண்டுக்கு 10,000 யூரோவும் அதற்கு மேலும் ஃபீஸ் வாங்குகிறார்கள் என்று அர்த்தம். கன்சல்டன்ட் அந்தப் பெயரையே திரும்பத் திரும்பச் சொன்னால், கமிஷன் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். அரசுப் பல்கலைக்கழகம் கமிஷன் கொடுப்பதில்லை. சில தனியார் நிறுவனங்கள் தரமானவை, பட்டமும் அங்கீகாரம் பெற்றது. ஆனால் பெரிய லேபும் பேராசிரியர் கூட்டமும் அங்கே சிறியது, அதனால் ஹிவி, தீசிஸ் வழிகளும் குறுகியவை. அரசு அங்கீகாரம் உண்டா என்று பார்க்காமல் ஒரு யூரோகூடக் கட்டாதீர்கள்.

நீங்களே விண்ணப்பிப்பது கடினமில்லை. யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாகப் போனால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. கன்சல்டன்ட் கேட்கும் தொகையில் பத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போடலாம்.

பொண்ணைத் தனியா அனுப்பறோம். தங்க இடம் கிடைக்குமா, பயமா இருக்கு.

அட்மிஷன் கடிதம் வந்த அன்றே மாணவர் விடுதிக்கு விண்ணப்பியுங்கள். ஒவ்வொரு ஊரிலும் ஷ்டுடியரண்டன்வெர்க் என்ற அமைப்பு நடத்துகிறது. அறைக்கு 250 முதல் 450 யூரோ. மியூனிக் மாதிரி ஊரில் வரிசையில் பல மாதம் காத்திருக்க நேரும். வெளியில் பகிர்வு வீடுகளில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே வாடகைக்கு இருப்பது அங்கே சாதாரணம். பெண்கள் மட்டும் உள்ள வீடுகளும் உண்டு, விளம்பரத்திலேயே போட்டிருக்கும்.

வீட்டைப் பார்க்காமல், "நான் லண்டனில் இருக்கிறேன், சாவியைக் கொரியரில் அனுப்புகிறேன்" என்பவருக்குப் பணம் அனுப்பாதீர்கள். அது எப்போதும் மோசடிதான். வீட்டுக்காரர் குடிபுகுந்த சான்று தருவாரா என்று முன்பே கேளுங்கள். இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய அது வேண்டும், அந்தப் பதிவில்லாமல் வரி எண்ணும் வராது, சம்பளத்திலும் குளறுபடி.

பதினஞ்சு லட்சம் லோன் போட்டு அனுப்பறோம். பையன் எப்ப அடைப்பான்?

11 சதவீத வட்டி, பத்து ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 20,700 ரூபாய். படிக்கும் காலத்து வட்டியை அப்போதே கட்டாவிட்டால் அசலோடு சேர்ந்து இன்னும் கூடும். எனவே வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்டுங்கள். 7.5 லட்சத்துக்கு மேல் பொதுத்துறை வங்கிகள் சொத்து ஈடு கேட்கும். பழைய வரி முறையில் இருப்பவர்கள் கட்டும் வட்டிக்கு எட்டு ஆண்டு கழிவு பெறலாம்.

வரவுப் பக்கம்: புதிய பட்டதாரிகளுக்கு ப்ளூ கார்டு (தகுதி வேலையில் சேரும் வெளிநாட்டவருக்கான குடியிருப்பு அனுமதி) தர 2025-இல் நிர்ணயித்த குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 43,759.80 யூரோ. தனியாளுக்கு வரி, காப்பீடு எல்லாம் போக மாதம் சுமார் 2,400 யூரோ கையில் வரும். வாடகை, சாப்பாடு 1,200 போனாலும் இரண்டு மூன்று ஆண்டில் கடன் அடையும். வேலை கிடைத்தால் என்ற நிபந்தனையோடு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குக் கீழ் உள்ள பட்டியலினக் குடும்பங்கள் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையை முதலில் பாருங்கள். அங்கே சேர்ந்தபின் டாய்ச்லாண்ட் ஸ்டிபெண்டியம் என்ற உதவித்தொகை மாதம் 300 யூரோ உண்டு, எந்த நாட்டவரும் போடலாம், நம்மவர்கள் போடுவதே இல்லை.

விசா ரிஜெக்ட் ஆனா அப்பீல் பண்ணலாமா?

தூதரகத்திலேயே மறுபரிசீலனை கேட்கும் முறையை 2025 ஜூலை 1 முதல் நிறுத்திவிட்டார்கள். திருத்தி மீண்டும் விண்ணப்பிக்கலாம், அல்லது பெர்லின் நீதிமன்றம். அதனால் முதல் விண்ணப்பத்திலேயே ஏன் இந்தக் கோர்ஸ், முன்பு படித்ததோடு என்ன தொடர்பு என்று தெளிவாக எழுதுங்கள். இணையத்தில் எடுத்த கடிதத்தைப் பெயர் மாற்றி வைக்காதீர்கள்.

பாதியில நல்ல வேலை கிடைச்சா டிகிரியை விட்டுட்டுப் போயிடலாமா?

இந்திய பி.இ. பட்டம் அங்கே அங்கீகரிக்கப்பட்டு, அதற்குரிய தகுதி வேலையாக இருந்தால் அனுமதியை மாற்றிக்கொள்ள வழி உண்டு. ஆனால் விட்டுக்கொடுப்பதை எண்ணிப் பாருங்கள். முடித்தால் கிடைக்கும் 18 மாதத் தேடல் காலம் போய்விடும். ஜெர்மன் பட்டம் பெற்றவர்கள் இரண்டு ஆண்டு துறை வேலைக்குப் பின் நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம் என்ற சலுகையும் போய்விடும். முதல் வேலை ஆறு மாதச் சோதனைக் காலத்திலேயே போனால் திரும்ப மாணவராவதும் எளிதல்ல. தீசிஸ் மட்டும் பாக்கி என்றால் நிறுவனத்திடமே அதைச் செய்கிறேன் என்று பேசுங்கள். பல நிறுவனங்கள் சம்மதிக்கும்.

படிச்சுட்டு ஊருக்கே வந்துட்டா எல்லாம் வேஸ்ட்டா?

ஓரகடத்தில் டைம்லரின் லாரி ஆலை, மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் பிஎம்டபிள்யூ, கோவையில் பாஷ் என்று ஜெர்மன் தலைமையகத்தோடு தினமும் பேசும் இடங்கள் இங்கேயே உள்ளன. பி2 ஜெர்மனும் அங்கே செய்த தீசிஸும் உள்ளவருக்கு இங்கே வேறு வரிசை. அரசு வேலைக்கோ இங்கே பிஎச்டிக்கோ என்றால் அந்தப் பட்டம் இந்தியப் பட்டத்துக்கு ஈடு என்ற சான்று தேவைப்படும். 2025 விதிகளின்படி அதை யுஜிசி தருகிறது. மதிப்பெண் பட்டியலில் 1.3 என்று இருப்பதைப் பார்த்து ஹெச்.ஆர். முகம் சுளித்தால், கிரேடு விளக்கப் பக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

இப்ப மூணாவது வருஷம் முடியுது. எதுல இருந்து ஆரம்பிக்கறது?

ஜூனில் ஜெர்மன் வகுப்பு. பாஸ்போர்ட் பெயர் திருத்தம் அதே மாதம், மேலே சொன்னபடி. ஆகஸ்டுக்குள் எட்டு, பத்து கோர்ஸ்களின் சேர்க்கை விதியை எடுத்துப் பாடங்களை ஒத்துப்பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். செப்டம்பரில் ஐஇஎல்டிஎஸ், நிறைய இடங்களில் 6.5 கேட்கிறார்கள். அக்டோபர், நவம்பரில் ஏபிஎஸ் வேலை. அடுத்த அக்டோபர் வகுப்புக்கு விண்ணப்பக் கெடு ஜூலை 15 என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் வெளிநாட்டவருக்கு மார்ச், மே மாதமே மூடும் கோர்ஸ்கள் ஏராளம். கோர்ஸ் பக்கத்தில் உள்ள தேதிதான் தேதி. அட்மிஷன் வந்த வாரமே ப்ளாக்டு அக்கவுண்ட், விசா, விடுதி மூன்றையும் ஒன்றாகத் தொடங்குங்கள். செமஸ்டர் விடுமுறையில் சும்மா இருக்கும் நாட்களில் ரசமும் சாம்பாரும் வைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே கடை திறக்காது.